203 வெற்றிலையைத் தின்றது யார்?

"வேலூர் போகிறேன்" என்று சொன்னால் சென்னையில் யாரும் "எதற்கு?" என்று கேட்பதில்லை. "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றுதான் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியும் கோட்டையும் இருக்கிற அந்த வேலூர் இல்லை ஸார், இது காவிரிக்கரை வேலூர்... சேலத்திலிருந்து நாமக்கல் தாண்டி, கரூர் போகிற வழியில், ஆற்றுப் பாலத்துக்கு முன்னால்... என்று விளக்கி முடிப்பதற்குள் கேட்டவருக்கு பஸ் வந்துவிடும். இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதானோ என்னவோ, பக்கத்து ஊரான பரமத்தியின் பெயரை முன்னால் ஒட்டி 'பரமத்தி வேலூர்' ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு குழப்பம் உண்டு. இரண்டும் தனித்தனி ஊர். பரமத்திக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வேலூரில் இறங்கினால் கண்டக்டர் ஒரு மாதிரி பார்ப்பார். (சொந்த அனுபவம்!)

போன வருஷம் மாசியில் நான் போனது உடம்பு விஷயமாக அல்ல. ஆனால் போனில் அக்காவின் குரல் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

"தம்பி... பையனுக்குக் கம்ப்யூட்டர் பேப்பர் போயிருச்சுடா. இனி காலேஜுக்கே போமாட்டேங்கறான். அப்பாகூடக் கொடிக்காலுக்குப் போறேன்னு நிக்கறான். நீயாச்சும் வந்து சொல்லு."

நான் ஏன்? ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் நான் என்று ஒரு வதந்தி உலவுகிறது. நான் பி.காம்., சி.ஏ. இந்த சி.ஏ.வைப் பார்த்து 'அடேயப்பா, ஆடிட்டரா!' என்று எழுந்து நிற்க வேண்டாம், உட்காருங்கள். அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். அந்த வகையில் மூன்று வருஷத்தில் ஒரு செமஸ்டர் 'ஸி' மொழி படித்தேன். படித்தேன் என்பதைவிட, விழுங்கினேன். பாலகுருசாமியின் தடிமனான புத்தகத்திலிருந்து பன்னிரண்டு புரோகிராம்களை செமிகோலன் உட்பட மனப்பாடம் செய்துகொண்டு பிராக்டிகலுக்குப் போனேன். சீட்டு எடுத்தேன். ஃபிபோனாச்சி வரிசை. அதிர்ஷ்டம் என்று நினைத்து ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். வந்திருந்த எக்ஸ்டெர்னல் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. இதையே பின்னாலிருந்து முன்னால் வர்ற மாதிரி மாத்துங்க" என்றார். அன்று நான் பார்த்த பார்வையை அவர் இன்னும் மறந்திருக்க மாட்டார். இந்த வரலாறு அக்காவுக்குத் தெரியாது.

*

அக்கா வீடு வேலூரிலிருந்து பொத்தனூர் போகிற பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் வாழைத்தார், இன்னொரு பக்கம் வெற்றிலைக் கூடை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன் என்று தார்கள் ஏலத்துக்குக் குவிந்து கிடக்கும். கொஞ்சம் தள்ளி பிலிக்கல்பாளையம் வெல்லம். ஊர் முழுக்கக் காவிரி செய்கிற வேலை இது. ஜேடர்பாளையத்தில் ஆற்றை மறித்துப் பிரிகிற ராஜா வாய்க்கால்தான் இந்தப் பச்சைக்கெல்லாம் தாய். அதை வெட்டியவர் அல்லாள இளைய நாயகர் என்று இங்குள்ளவர்கள் நன்றியோடு பேர் சொல்கிறார்கள். வாய்க்கால் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வீட்டுக்குள் போனால் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் காத்திருந்தன. மருமகன் காத்திருக்கவில்லை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

(மருமகன் என்றால் அக்கா பையன். எனக்குப் பெண் இல்லை, யாரும் கணக்குப் போட வேண்டாம்.)

"வாங்க மாப்ளே" என்று மச்சான் வரவேற்றார். அவர் எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு கொடிக்காலுக்குப் போனவர். "நீங்க சொன்னாக் கேப்பானுங்க. இந்தப் பொழப்பு என்னோட போகட்டும்னுதான் அவனப் படிக்க வெச்சேன். ஒரு வாரம் சுமை ஏறுது, மறுவாரம் எறங்குது. கொடி கட்ட ஆளு கெடைக்கறதில்ல. இதுக்குள்ள வர்றேங்கறான்!"

இதில் வேடிக்கை என்னவென்றால் பையன் மக்கு இல்லை. பிளஸ் டூவில் அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபது சொச்சம். இந்த மாவட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாமக்கல் என்றால் முட்டை, லாரி, அடுத்தது மார்க். ஹாஸ்டல் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பெற்றோர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய காலம் உண்டு. 2017-ல் அரசாங்கம் மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திய பிறகுதான் அந்தத் திருவிழா கொஞ்சம் அடங்கியது. மருமகன் அப்படி ஒரு பள்ளியில் வளர்ந்தவன். ஒரு கேள்வி, ஒரு பதில், பத்து தடவை டெஸ்ட். அதை நான் குறை சொல்ல வரவில்லை. மார்க் வந்ததே! ஆனால் இன்ஜினீயரிங் வந்து முதல் செமஸ்டரிலேயே பைத்தான் கடித்துவிட்டது.

பைத்தான் என்றதும் மலைப்பாம்பை நினைத்து அக்கா முதலில் பயந்தது தனிக்கதை. 1991-ல் ஹாலந்துக்காரர் கைடோ வான் ராஸம் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி அது. அவர் பேர் வைத்தது பாம்பைப் பார்த்து அல்ல, 'மான்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் டி.வி. காமெடி கோஷ்டியைப் பார்த்து. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் இதை முதல் செமஸ்டரிலேயே வைத்துவிட்டார்கள். சிவிலோ மெக்கானிக்கலோ, யாரும் தப்ப முடியாது. பேப்பரின் பெயரில் 'பைத்தான்' இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது 'பிராப்ளம் சால்விங்'. மருமகன் அந்த முதல் பாதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டான்.

ராத்திரி மொட்டைமாடியில் மெதுவாகக் கேட்டேன்.

"எப்படிடா படிச்சே?"

"இருபத்தி மூணு புரோகிராம் மாமா. எல்லாமே மனப்பாடம். ஆனாக் கேள்வித்தாள்ல மாத்திக் கேட்டுட்டாங்க."

"ரெக்கார்டு நோட்டு?"

"அது ஏ.ஐ. போட்டுக் குடுத்துச்சு."

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து நாட்டில் ரெக்கார்டு நோட்டுகள் ரொம்ப அழகாகிவிட்டன. என் காலத்தில் முன்பெஞ்சுக்காரனைக் கெஞ்சி வாங்கிப் பார்த்து எழுதுவோம். அதில் அவனுடைய தப்பாவது நமக்குக் கிடைக்கும்.

"கூடப் படிக்கிறவனுக எல்லாம் பாஸ் மாமா. எனக்கு மட்டும் இந்த மூளை இல்ல." குரல் கம்மியது. பதினெட்டு வயசுப் பையன், இருட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கொடிக்காலுக்குப் போகிறேன் என்றது விவசாயத்தின் மேல் வந்த காதலால் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஐந்நூற்று எழுபது வாங்கியவனுக்கு நாற்பதுகூட வரவில்லை என்பதை ஊருக்கு எப்படிச் சொல்வது? ஓடி ஒளிய இடம் தேடுகிறான்.

அவனுக்கு என் ஃபிபோனாச்சிக் கதையைச் சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தான். அதோடு இன்னொன்றும் சொன்னேன். டென்மார்க்கைச் சேர்ந்த பென்னட்ஸன், காஸ்பர்ஸன் என்ற இரண்டு பேராசிரியர்கள் பல நாட்டுக் கல்லூரிகளை விசாரித்து 2007-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். முதல் புரோகிராமிங் பாடத்தில் சராசரியாக மூன்று பேரில் ஒருவர் தேறுவதில்லை. 2019-ல் மறுபடி பார்த்தார்கள். அப்போதும் நூற்றுக்கு 28 பேர். உலகம் பூராவும் இந்தப் பாம்பு கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பொத்தனூர் ரோட்டை மட்டும் தேடி வரவில்லை.

"அப்ப என்ன மாமா பண்றது?"

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? "நாளையிலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்து முதல்லேருந்து படிப்போம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாலு நாளைக்கென்று போனவன் பன்னிரண்டு நாள் தங்கினேன்.

*

வாத்தியாராக நாங்கள் பிடித்தவர் சென்னைக் கணிதவியல் கழகத்து மாதவன் முகுந்த். என்.பி.டி.இ.எல். தளத்தில் அவருடைய பைத்தான் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸியும் சேர்ந்து நடத்துகிற சமாசாரம் அது. முதல் நாள் இரண்டு பேரும் நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டு மூன்று வீடியோ பார்த்தோம். எல்லாம் கரும்பாய் இனித்தது. அவர் எழுதியது அத்தனையும் புரிந்தது. வீடியோவை மூடிவிட்டு "சரி, இப்ப நீயா எழுது" என்றேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டான். நானும்தான்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. பார்க்கும்போது புரிவதும், தானாக எழுத வருவதும் வேறு வேறு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்று இரண்டு மனோதத்துவக்காரர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு கோஷ்டி. ஒரு தடவை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு கோஷ்டி. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் படித்த கோஷ்டி ஜெயித்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மூடி எழுதிய கோஷ்டி ஜெயித்தது. பரீட்சை எப்போதும் ஐந்து நிமிஷம் கழித்து வருவதில்லை, பாருங்கள்.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினோம். பத்து நிமிஷம் வீடியோ. உடனே மூடி. வெள்ளைத்தாளில் பேனாவால் எழுத வேண்டும், ஏனென்றால் பல்கலைக்கழகத் தேர்விலும் பதிமூன்று மார்க் கேள்விக்குப் பேனாவால்தான் எழுதியாக வேண்டும். பைத்தானில் வரியை எவ்வளவு தள்ளி ஆரம்பிக்கிறோம் என்பதுகூட இலக்கணம். கம்ப்யூட்டரே தள்ளிக் கொடுத்துப் பழகியவனுக்குத் தாளில் கை கோணும். எழுதிய பிறகு லேப்டாப்பில் அடிப்பது. ஓடினால், ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டுவது. 'பின்னாலிருந்து முன்னால்' என்று எக்ஸ்டெர்னல் கேட்பதற்கு முன் நாமே கேட்டுக்கொள்வது.

காலை ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பழக்கத்தில் அவன் ஒரே ராத்திரியில் எட்டு மணி நேரம் உட்காரத் தயாராக இருந்தான். நான்தான் விடவில்லை. (எனக்குத் தூக்கம் வரும் என்பது உபரிக் காரணம்.)

சிவப்பு எழுத்தில் எரர் வந்தால் மருமகனுக்கு உடனே கை நடுங்கும். ஜன்னலையே மூடிவிடுவான். பைத்தான் தப்பைச் சொல்லும்போது பத்து வரி புலம்பும்; விஷயம் கடைசி வரியில்தான் இருக்கும். எங்கள் பாட்டி கதை சொல்வது போல. அந்தக் கடைசி வரியைச் சத்தமாகப் படி, அப்புறம் எந்த வரி நம்பர் என்று பார் என்று பழக்கினேன். ஏ.ஐ.யை அடியோடு தடை செய்யவில்லை. இருபது நிமிஷம் முட்டிப் பார்த்த பிறகு "இந்த எரருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கலாம்; "எழுதிக் கொடு" என்று கேட்கக் கூடாது.

கோழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் எழுதிய 'தி பிராக்மேட்டிக் புரோகிராமர்' என்ற 1999-ம் வருஷத்துப் புத்தகத்தில் ஒரு உபாயம் வரும். புரோகிராம் ஓடவில்லையா? மேஜையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்து, அதற்கு ஒவ்வொரு வரியாக விளக்கு. சொல்லும்போதே தப்பு உனக்கே தெரிந்துவிடும். நாமக்கல் மாவட்டத்தில் வாத்துக்கு எங்கே போவது? அக்கா வளர்க்கும் நாட்டுக்கோழிதான் அகப்பட்டது. "இங்க பாரு, இந்த வேரியபிள்ல மொதல்ல ஸீரோ இருக்குது..." என்று மருமகன் கொல்லைப்புறத்தில் கோழியோடு பேசுவதைப் பார்த்து, அடுத்த வீட்டு அம்மா அக்காவிடம் ரகசியமாக, "பையனுக்குக் கபிலர்மலை முருகனுக்கு வேண்டிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

ஆறாவது நாள் காலையில் மச்சான் எங்களைக் கொடிக்காலுக்குக் கூட்டிப் போனார். வெளியே மாசி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. உள்ளே நுழைந்தால் ஏஸி போட்ட மாதிரி. அகத்தி மரங்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றிலும் வெற்றிலைக்கொடி சுற்றி ஏறியிருக்கிறது. நடுவில் தண்ணீர் நிற்கும் குழி வரப்பு. கொடி வளர வளர அதை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து ஒரே நாளில் மொத்தமாகக் கட்டுகிறேன் என்றால் கொடி கேட்காது என்றார் மச்சான். அவர் எதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. நான்தான் மருமகனைப் பார்த்தேன்.

பறித்த இலைகளைப் பெண்கள் எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விரல் போகிற வேகத்தைப் பார்த்தால் பேங்க் கேஷியர் வெட்கப்படுவார். வெள்ளைக்கொடி தனி, கற்பூரி தனி. நூறு இலை ஒரு கவுளி. நூற்று நாலு கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. ஏலத்தில் விலை பேசுவது சுமைக்குத்தான். இங்கிருந்து வெளி மாநிலங்களுக்கெல்லாம் போகிறது.

மருமகனுக்கு அன்று வரைக்கும் சரியாக வராத பாடம் 'நெஸ்டட் லூப்'. ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று. "டேய், இதுதாண்டா அது!" என்றேன். வெளிச்சுற்று கவுளி, உள்சுற்று இலை. ஒவ்வொரு கவுளிக்கும் உள்ளே நூறு இலை எண்ணி முடிந்த பிறகுதான் அடுத்த கவுளி. அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வீட்டுக்குப் போனதும் யார் உதவியும் இல்லாமல் எழுதினான். கவுளி, ஒன்றிலிருந்து 104 வரை. இலை, ஒன்றிலிருந்து 100 வரை. ஒவ்வொரு இலைக்கும் ஒன்று கூட்டு. தட்டினான். எரர் இல்லை. சிவப்பு எழுத்து இல்லை. விடை: 10,197.

"ஓடிருச்சு மாமா!" என்று குதித்தான். நானும் கை கொடுத்தேன். எரர் வராவிட்டால் சரி என்பதுதான் எங்கள் இருவரின் பரம்பரை நம்பிக்கை.

திண்ணையில் முண்டாசை அவிழ்த்துக்கொண்டிருந்த மச்சான் எட்டிப் பார்த்தார். "என்ன கணக்கு?"

"ஒரு சுமைக்கு எத்தனை எலைன்னு கம்ப்யூட்டர் எண்ணிருக்குதுங்கப்பா. பத்தாயிரத்து நூத்தித் தொண்ணூத்தி ஏழு."

மச்சான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "பத்தாயிரத்து நானூறுல்ல வரோணும்? இருநூத்தி மூணு எலைய எவன் தின்னான்?"

நாங்கள் முழித்தோம். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? மருமகன் மெதுவாகத் திரும்பி, கோழிக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக அப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்தான். 'ரேஞ்ச்' என்ற வார்த்தைக்கு வந்தபோது அவனே நிறுத்திவிட்டான். பைத்தானில் 'ஒன்றிலிருந்து 104 வரை' என்று எழுதினால் அது 103-லேயே நின்றுவிடும். கடைசி எண்ணைத் தொடாது. ஆகவே ஒரு கவுளி காணோம். மிச்சமிருக்கிற ஒவ்வொரு கவுளியிலும் ஓர் இலை காணோம். 103 தடவை 99. கணக்கு சரியாகத்தான் குறைந்திருந்தது.

"வரைக்கும்னு சொல்லிட்டு அதுக்கு முன்னாலயே நின்னுக்குதுப்பா. இது என்ன கூத்தோ!" என்று அலுத்துக்கொண்டான்.

"இதுல என்ன கூத்து? எல்லக்கல்லு வரைக்கும் ஏரோட்டுன்னா, கல்லு மேலயா ஓட்டுவாங்க?" என்றார் மச்சான்.

இந்த விஷயத்தை இதைவிட நன்றாக விளக்கிய புத்தகத்தை நான் பார்த்ததில்லை. மருமகன் இரண்டு எண்களையும் ஒன்று கூட்டிப் போட்டான். 10,400. மச்சான் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை மடிக்க உட்கார்ந்தார். ஆனால் அன்று ராத்திரி, "அவரு எம்பையன் எழுதுனதுல தப்புக் கண்டுபுடிச்சாராம், நாலு பேர்த்துகிட்டச் சொல்லிட்டாரு" என்று அக்கா சொன்னாள்.

அதற்கப்புறம் எங்கள் நோட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று தாளின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். சின்ன எண்ணாகப் போட்டு, கையால் கணக்குப் பண்ணி, எழுதி, அடியில் கோடு போட்டு, பிறகுதான் தட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் பத்துக்கு ஏழு தப்பாக வந்தது. அந்த ஏழும்தான் அவனுக்குப் பாடம் நடத்தின. நான் கிளம்புகிற அன்று பத்துக்கு மூன்று. எனக்கு இன்னும் ஐந்து. வயசாகிறது, விடுங்கள்.

பஸ் ஏற்றிவிட வந்தவன், "மாமா, அந்த எக்ஸ்டெர்னல் கேட்ட ஃபிபோனாச்சி... நேத்து பின்னாலிருந்து எழுதிட்டேன். ரெண்டே வரிதான் சேத்தோணும்" என்றான். பதினைந்து வருஷத்துக் கடன் அப்படித் தீர்ந்தது.

*

மறுவாரமே கல்லூரிக்குப் போய்விட்டான். அடுத்த செமஸ்டரோடு சேர்த்து அரியர் எழுதினான். ரிசல்ட் வந்த அன்று அக்கா போனில் அழுதாள். இந்தத் தடவை வேறு காரணத்துக்கு. மார்க் அப்படியொன்றும் ஊரைக் கூட்டிச் சொல்கிற மார்க் இல்லை. பாஸ்.

போன மாதம் மச்சானே கூப்பிட்டார். பையன் கொடிக்கால் ஆட்களுக்குக் கூலிக் கணக்குப் போட ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம்.

"நல்லாத்தான் ஓடுதுங்க மாப்ளே. ஆனா ஒரு ஆளுக்கு அம்பது ரூவா சேத்திக் காட்டுது. எங்கியோ தப்பிருக்குது, பாருடான்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"தப்பில்லப்பா, போன வாரம் நீங்கதான் அவருக்கு அம்பது ரூவா கொறச்சுக் குடுத்துட்டீங்கங்கறான்!"

"குடுத்திருந்தீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி சரி, வெச்சர்றேன். அந்த ஆளு வாய்க்கா மேட்டுலதான் நிக்கறான்."